ஜெபக் குறிப்பில் என் மகள் பெயர்

பதிவுத் தபால்
சத்துவாச்சாரி, வேலூர்
2 ஜூன் 2025

சுகந்திக்கு,

கீழே எழுதியிருப்பவை நடந்தவை. எதிலாவது பிழை இருந்தால் எண்ணைக் குறிப்பிட்டுத் திருத்தி எழுது.

1. மே 7, புதன். என் மகள் கெசியா ஆம்பூரில் தன் கணவன் எட்வின் வீட்டிலிருந்து சொல்லாமல் புறப்பட்டு, முத்தனூரில் உன் வீட்டுக்கு வந்தாள். வேலூருக்கு வந்தால் அவன் முதலில் இங்கேதான் தேடுவான் என்பதால் மலை ஏறினாள். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று உன்னைக் கேட்டுக்கொண்டாள். நீ எனக்கும் சொல்லவில்லை. இது ஒன்றில் உன்மேல் எனக்குக் குறை இல்லை.

2. மே 11, ஞாயிறு. ஆராதனையில் ஜெபக் குறிப்புகள் வாசிக்கும் நேரத்தில் நீ எழுந்து ஒலிபெருக்கியை வாங்கினாய். "எங்க அண்ணன் பொண்ணு கெசியா புருஷன் கையால அடிபட்டு நம்ம ஊருக்கு வந்திருக்குது, அந்தக் குடும்பத்துக்காக எல்லாரும் பாரத்தோட ஜெபிக்கணும்" என்றாய். அவள் உனக்கு எதிரே பாயில் உட்கார்ந்திருந்தாள். வராதவர்களும் ஜெபிக்கட்டும் என்று யாரோ அதைப் படம்பிடித்துச் சபையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். அந்தக் குழுவில் ஆம்பூர்க்காரர்களும் இருக்கிறார்கள். யாரிடமும் சொல்லாதே என்பதில் ஆண்டவர் சேரமாட்டார் என்று நீ எண்ணியிருக்கலாம். அவருக்கு ஒலிபெருக்கி தேவையில்லை.

3. மே 14, புதன். எட்வின் உன் வாசலில் வந்து நின்றான். நீ உள்ளே அழைத்துக் காபி கொடுத்தாய். குளிக்க வெந்நீர் வைத்தாய். எனக்குச் சொல்லவில்லை.

4. மே 15 முதல் 17 வரை. அவன் ஜெபவீட்டில் படுத்துக்கொண்டான். காலையும் மாலையும் அழுதான். நீ அருகில் உட்கார்ந்திருந்தாய்.

5. மே 18, ஞாயிறு. ஆராதனையின் முடிவில் இருவரையும் பீடத்துக்கு முன் வரவழைத்து, அவள் கையை எடுத்து அவன் கையில் வைத்தாய். சபை கைதட்டியது. அவனைச் சாட்சி சொல்லச் சொன்னாய், சொன்னான். ஒரு படி சாமை அரிசியும் தேனும் கட்டிக் கொடுத்து, அவன் பைக்கின் பின்னால் அவளை ஏற்றி அனுப்பினாய். அவள் போகமாட்டேன் என்று சொல்லவில்லை என்கிறாய். போகிறேன் என்றாவது சொன்னாளா?

6. அன்று பிற்பகல். காவலூர் தாண்டி இறங்குகிற மலைப்பாதையில் அவன் வண்டியை நிறுத்தி, அவளைக் கீழே தள்ளி உதைத்தான். இடது முன்கை எலும்பு முறிந்தது. அந்நேரம் ஆலங்காயத்திலிருந்து மேலே வந்த பேருந்தில் உன் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி இருந்தாள். "குடும்பச் சண்டைம்மா, நமக்கெதுக்கு" என்று நடத்துநர் சொன்னாராம். "குடும்பம் வூட்ல நடக்கட்டும். இது ரோடு. நிறுத்துயா" என்றாளாம் அவள். அவள் இறங்கியதைக் கண்டதும் எட்வின் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அங்கிருந்தபடியே பாஞ்சாலி உனக்குத் தொலைபேசியில் சொன்னாள். நீ "முழங்கால்ல நிக்கிறேன்" என்று சொன்னாய். வரவில்லை. மலைக்காரியான, உன் சபையைச் சேராத, எங்களுக்கு எந்த உறவும் இல்லாத பாஞ்சாலிதான் என் மகளை அடுத்த பேருந்தில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய், எனக்கும் தகவல் சொன்னாள்.

7. மே 25, ஞாயிறு. எட்வினின் தாயார் மனமுடைந்து கிடக்கிறார் என்று கேள்விப்பட்டு ஆம்பூருக்குப் போய் ஆறுதல் சொல்லிவிட்டு வந்திருக்கிறாய். வேலூருக்கு வரவில்லை.

இவ்வளவுதான்.

நீ இரக்கமற்றவள் என்று நான் எழுதவில்லை. காலில் புழு வைத்த புண்ணோடு மகன்கள் கைவிட்ட மாதம்மாளை வாரம் தவறாமல் நீ குளிப்பாட்டுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றேன். நீ பேசிச் சிரித்துக்கொண்டே கட்டு மாற்றினாய். அந்தக் கைதான் என் மகளின் கையை அவன் கையில் வைத்தது என்பதை என்னால் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க முடியவில்லை. தொலைபேசியில் கேட்டால் நீ அழுகிறாய். அழுகைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. ஆகவே எழுத்தில் கேட்கிறேன். ஏன் செய்தாய்? ஜூன் 12க்குள் எழுத்தில் பதில் வேண்டும்.

ஜெயசீலன்


முத்தனூர்
9 ஜூன் 2025

அன்பு நிறைந்த அண்ணாவுக்கு, சுகந்தி தோத்திரம் சொல்லி எழுதுகிறேன். அண்ணிக்கும் என் கெசியா கண்ணுவுக்கும் என் அன்பு.

கடிதம் கிடைத்தது. பதிவுத் தபாலைப் பார்த்ததும் தபால்காரர் தசரதன், "கோர்ட்டு காயிதமா டீச்சர்?" என்று கேட்டுவிட்டார். எங்க அண்ணன் எழுதினதுங்க என்றேன். "அண்ணன் தங்கச்சிக்குள்ள கையெழுத்து வாங்கிட்டுத்தான் காயிதமா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். உள்ளே வந்து பிரித்துப் பார்த்தால், பெயருக்கு முன்னால் நீங்கள் எப்போதும் போடும் 'அன்புள்ள' இல்லை. முதலில் அதைத்தான் பார்த்தேன், அண்ணா.

இங்கே இரண்டு மழை பெய்துவிட்டது. எல்லாரும் சாமை விதைத்துக்கொண்டிருக்கிறார்கள். பள்ளி விடுதி திறந்து பிள்ளைகள் பெட்டியோடு வந்துவிட்டார்கள். ஜெபவீட்டு ஓடு இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. மாதம்மாள் நேற்று உங்களைக் கேட்டது. "உங்கண்ணன் வாசல்லயே நின்னுச்சே, அது நல்லாக்கீதா?" என்றது.

எண் போட்டுத் திருத்தச் சொன்னீர்கள். எனக்குத் திருத்த ஒன்றும் இல்லை. மூன்றாவதில் மட்டும், பால் இல்லை, வரக்காபிதான் கொடுத்தேன்.

ஏன் என்று கேட்டீர்கள். வாசலில் வந்து நிற்பவன் யாராக இருந்தாலும் உள்ளே விடுவதைத்தான் எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். நல்லவனுக்கு மட்டும் கதவைத் திறக்க விசுவாசம் எதற்கு? அந்தப் பையன் வந்தபோது சட்டையெல்லாம் சேறு. வழியில் விழுந்திருக்கிறான். சாப்பிட்டு இரண்டு நாள் என்றான். தட்டை வைத்தால் சாப்பிடாமல் அழுகிறான். "அத்த, என் கை எப்ப ஓங்குதுன்னு எனக்கே தெரியலத்த" என்றான். அது நடிப்பு இல்லை, அண்ணா. அழுகிற ஆண்பிள்ளையை எனக்குத் தெரியும். அழும்போது அவர்கள் பொய் சொல்வதில்லை. அந்த நேரத்துக்கு அது உண்மைதான்.

நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். கெசியா முகத்தைப் பார்க்கவில்லை. இப்போது எவ்வளவு யோசித்தாலும் அந்த மூன்று நாளும் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று நினைவு வரவில்லை. வெங்காயம் உரித்துக் கொடுத்தாள் என்று நினைக்கிறேன்.

பாஞ்சாலி போன் செய்தபோது கால் வரவில்லை. உண்மையாகவே வரவில்லை. எழுந்திருக்கப் பார்த்தேன், தரையிலேயே இருந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசுவதில்லை. தண்ணீர்க் குழாயில் பார்த்தபோது ஒன்றே ஒன்று கேட்டாள். "இன்னாக்கா, அடிச்சவன் கூடவே அனுப்பிட்டியே, ஒனக்கே தெரிய வேணாம்?" நான் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எட்வின் அம்மாவைப் போய்ப் பார்த்தது உண்மை. அந்தம்மாவுக்கு யாரும் இல்லை. உங்கள் வீட்டில் நீங்களும் அண்ணியும் இருக்கிறீர்கள். உங்கள் வாசலில் வந்து நிற்க எனக்கு முகம் இல்லை.

குழந்தையின் கை எப்படி இருக்கிறது? ராத்திரி தூங்குகிறாளா? அவளுக்காக ஜெபிக்கிறேன். சத்தமில்லாமல்தான்.

உங்கள் தங்கை
சுகந்தி


பதிவுத் தபால்
சத்துவாச்சாரி, வேலூர்
14 ஜூன் 2025

சுகந்திக்கு,

பதில் வந்தது. குறித்த நாளுக்கு முன்பே எழுதியதைக் கவனித்தேன்.

நீ கதவைத் திறந்ததைக் குறித்து எனக்கு வழக்கில்லை. உள்ளே ஒருத்தி இருக்கிறாள் என்பதை மறந்துவிட்டுத் திறந்தாய். சேற்றோடு வந்தவனுக்கு வெந்நீரும் சோறும் கொடுக்கலாம். ஜெபவீட்டில் இடம் கொடுக்கலாம். அவனோடு சேர்ந்து நீயும் அழலாம். அவையெல்லாம் உன்னுடையவை, நீ கொடுக்கலாம். என் மகள் உன்னுடையவள் அல்ல. அவளை எடுத்து அவனுக்குக் கொடுத்தாய். தன்னிடம் இருப்பதைக் கொடுப்பவரைத்தான் இரக்கமுள்ளவர் என்று நான் ஞாயிறு பள்ளியில் கற்றேன். நீயும் அதே வகுப்பில்தான் இருந்தாய்.

கெசியாவைப் பற்றிக் கேட்டாய். கட்டுப் போட்டிருக்கிறது. வலிக்கிறதா என்றால் இல்லை என்கிறாள். சாப்பிடுகிறாயா என்றால் சரி என்கிறாள். துவைத்து வந்த துணிகளை ஒற்றைக் கையால் மடிக்கிறாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடிக்கிறாள். உன் அண்ணி அவள் அறையில் இன்னொரு கட்டில் போட்டுப் படுத்துக்கொள்கிறாள். நான் கல்லூரிக்குப் போகிறேன். பாடம் நடத்துகிறேன். நடத்தியது என்ன என்று வெளியே வந்ததும் தெரிவதில்லை. வீட்டில் யாரும் அழவில்லை. அழுதால் நன்றாக இருக்கும் என்று உன் அண்ணி சொல்கிறாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

இப்போது காரியம்.

அவளுக்குப் பாதுகாப்புக் கேட்டு மனுத் தாக்கல் செய்திருக்கிறோம். எட்வின் தன் பங்குக்கு, மனைவி தன்னோடு சேர்ந்து வாழ உத்தரவிட வேண்டும் என்று ஒரு மனுப் போட்டிருக்கிறான். தான் அடிக்கவே இல்லை என்றும், வளைவில் வண்டி சறுக்கி இருவரும் விழுந்தோம் என்றும் சொல்கிறான். தங்களுக்குள் எந்தச் சண்டையும் இல்லை என்பதற்கு அவன் கொடுத்திருக்கும் ஆதாரம் ஒரு வீடியோ. அதில் நீ இருக்கிறாய். பீடத்துக்கு முன்னால் அவள் கையை எடுத்து அவன் கையில் வைக்கிறாய். பின்னால் கைதட்டல் கேட்கிறது. எங்கள் வழக்கறிஞரின் அறையில் அதை நான் மூன்று முறை பார்க்க வேண்டியிருந்தது.

மே 7 அன்று அவள் உன் வீட்டுக்கு வந்தபோது அவள் முதுகில் பெல்ட் அடித்த தடங்கள் இருந்தன. நீதான் ரவிக்கையைக் கழற்றிப் பார்த்து மஞ்சள் குழைத்துப் போட்டாய். இதை அவள் சொன்னாள், அதுவும் அண்ணியிடம். மருத்துவமனையில் கையைத் தவிர வேறெதையும் அவள் காட்டவில்லை. இப்போது தடங்கள் மங்கிவிட்டன. பாஞ்சாலி வந்து சாலையில் கண்டதைச் சொல்வாள். ஓடும் பேருந்திலிருந்து பார்த்தவளுக்கு என்ன தெரியும் என்று அவர்கள் கேட்பார்கள். முதுகைப் பார்த்தவள் நீ ஒருத்திதான்.

ஜூலை 4 அன்று விசாரணை. கண்டதைக் கண்டதாக ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பு. யாரையும் பழிக்க வேண்டாம். விளக்கம் வேண்டாம். வசனம் வேண்டாம். அது இல்லாவிட்டால் அவள் அவனோடு போக வேண்டிவரலாம் என்று வழக்கறிஞர் கருதுகிறார். ஜூன் 28க்குள் வேண்டும்.

ஜெயசீலன்


முத்தனூர்
23 ஜூன் 2025

அன்பு நிறைந்த அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்தைக் கிழித்துக் கிழித்து எழுதுகிறேன். விடுதிப் பிள்ளைகள், "டீச்சர் பரீட்சை எழுதுறாங்க டோய்" என்று கேலி செய்கிறார்கள்.

நான் பார்த்தேன், அண்ணா. கெசியா முதுகைப் பார்த்தேன். தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் இருந்தது. சில தடம் பழசு, சிலது தோல் உரிந்து புதுசு. ஒரு இடத்தில் பெல்ட் பக்கிள் பதிந்திருந்தது. மஞ்சள் போட்டேன். அவள் ஒரு சத்தமும் போடவில்லை. உங்களுக்கு எழுதுகிறேன். கோர்ட்டுக்கு எழுதிக் கொடுக்க என்னால் முடியாது.

கோபப்படாமல் படியுங்கள். நீங்கள் கோபப்பட்டால் உங்கள் எழுத்து இன்னும் அழகாகிவிடும், எனக்குப் பயமாக இருக்கும்.

உங்கள் மச்சான் இருந்தாரே, அவரும் அப்படித்தான்.

ஊழியக்காரர் தேவநேசன் ஐயா என்று இந்த மலை முழுக்கப் பேர். யாருக்குப் பாம்பு கடித்தாலும் ராத்திரி தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினவர். அது பொய் இல்லை. அதே கைதான் வீட்டுக்கும் வரும். கல்யாணமாகி முதல் மழைக்காலத்திலேயே ஆரம்பித்தது. நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டால், டீச்சருக்கு மலைக்காய்ச்சல் என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு எத்தனை தடவை மலைக்காய்ச்சல் வந்தது என்று நீங்களே கேலி செய்திருக்கிறீர்கள். வலது காது கேட்காமல் போனதும் அதனால்தான். சின்ன வயதில் சீழ் வந்த காது என்று நீங்கள் எல்லாரிடமும் சொல்வீர்கள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடித்த மறுநாள் அவரே வெந்நீர் வைப்பார். ஒத்தடம் கொடுப்பார். என்னைவிட அதிகமாக அழுவார். அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் ஜெபிப்பேன். எட்வின் அன்றைக்கு அழுதபோது என் மடி கனத்தது, அண்ணா. அவன் தலை வேறெங்கேயோதான் இருந்தது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஊழியம் கெட்டுவிடும் என்று பயம். பொறுத்தால் அவர் மாறுவார் என்று நம்பினேன். மாறினார். கடைசி நாலு வருஷம் ஒருநாள்கூடக் கை ஓங்கவில்லை. இதைப் பெண்கள் கூட்டங்களில் எத்தனையோ முறை சாட்சியாகச் சொல்லியிருக்கிறேன். பொறுமையாக இருந்தேன், ஆண்டவர் என் வீட்டைச் சமாதானமாக்கினார் என்று. அந்த நாலு வருஷமும் அவர் பக்கவாதத்தில் படுத்திருந்தார். அதை அந்தக் கூட்டங்களில் நான் சொல்வதில்லை. எனக்கு நானேகூடச் சொன்னதில்லை. இதை எழுதும்போதுதான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

கெசியாவுக்கு நடந்தது தப்பு என்று நான் கையெழுத்துப் போட்டால், எனக்கு நடந்தது என்ன? இத்தனை வருஷம் நான் செய்தது என்ன? என் பேச்சைக் கேட்டு எத்தனை பெண்கள் திரும்பி வீட்டுக்குப் போயிருப்பார்கள்? இந்த வயதில் இதைக் கேட்டுக்கொண்டு நான் எப்படி எழுந்து மாதம்மாளுக்குக் கட்டு மாற்றப் போவேன்?

என்னால் முடியவில்லை. மன்னியுங்கள் என்று கேட்கக்கூட வாய் வரவில்லை. அந்தச் சொல்லை நான் அதிகமாகப் பயன்படுத்திவிட்டேன்.

அண்ணிக்கு இதைச் சொல்ல வேண்டாம்.

சுகந்தி


பதிவுத் தபால்
சத்துவாச்சாரி, வேலூர்
5 ஜூலை 2025

சுகந்திக்கு,

உன் கடிதம் 27ஆம் தேதி கிடைத்தது. நேற்று விசாரணை. நடந்ததை வரிசையாகத் தெரிவிக்கிறேன்.

உன் கடிதத்தை நான் வழக்கறிஞரிடம் காட்டினேன். சொல்ல வேண்டாம் என்று நீ குறிப்பிட்டது அண்ணியை மட்டும்தான் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். படித்துவிட்டு அவர், "தனியா வாக்குமூலமே வேணாம் சார், இதுவே போதும்" என்றார். தோளிலிருந்து இடுப்பு வரை என்று நீ உன் கையெழுத்தில் எழுதியிருக்கிறாய். அதைத் தாக்கல் செய்தால் எட்வினின் வீடியோ நிற்காது என்றார். கடிதத்தை முழுதாகத்தான் கொடுக்க வேண்டும், பாதியை மறைக்க முடியாது என்றும் சொன்னார். மச்சானைப் பற்றி எழுதியது எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கைக்குப் போகும். உன்னை அழைத்துக் கேட்பார்கள். சத்தமாகக் கேட்பார்கள்.

நான் கொடுத்துவிடுங்கள் என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. என் மகள் பெயரை நீ ஒலிபெருக்கியில் சொன்னாய். உன் பெயர் நீதிமன்றத்தில் படிக்கப்படும். நேர் செய்தாகிவிட்டது என்று மட்டும் தோன்றியது.

தாக்கல் செய்வதற்குக் கெசியாவின் ஒப்புதல் வேண்டும், மனுதாரர் அவள்தான். ஆகவே அன்று மாலை அவளிடம் கடிதத்தைக் கொடுத்தேன். அவள் இரண்டு முறை படித்தாள். மடித்தாள். பிரித்து மறுபடி படிப்பாள் என்று நினைத்தேன், அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, வீட்டுக்கு வந்த நாள் முதல் சேர்ந்தாற்போல எதுவும் பேசாதவள் பேசினாள். அதை அப்படியே எழுதுகிறேன், என் சொல் எதையும் சேர்க்காமல்.

"இத குடுக்காதீங்கப்பா. என் பேர அத்தை மைக்குல சொன்னப்ப எனக்கு எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. பாவம்னுதான் பார்த்தாங்க. அந்தப் பார்வைய நான் அத்தை மேல போட மாட்டேன்."

அப்படியானால் உன் வழக்கு தோற்கலாம் என்றேன்.

"தோத்தா மறுபடி போடுவோம். நான் அங்க போக மாட்டேன். எந்த உத்தரவு வந்தாலும் போக மாட்டேன். அது எனக்குத் தெரிஞ்சுடுச்சு."

உன்னிடம் தனியாக ஒரு வாக்குமூலம் மறுபடி கேட்கட்டுமா என்றேன். அதுவும் வேண்டாம் என்றாள். "அத்தை எனக்குன்னு எழுதினாலும் அது ரெண்டு பேருக்கும் சேர்த்து எழுதுன மாதிரி ஆயிடும். அத்தை தானா வந்து எழுதணும். நாம கேட்டு வாங்கக் கூடாது."

நான் அவளோடு வாதிட்டேன். என் வாதங்கள் சரியானவை; இப்போதும் சரியானவை என்றே கருதுகிறேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தூங்கப் போனாள். அன்று தூங்கினாள் என்று உன் அண்ணி சொன்னாள்.

நேற்று பாஞ்சாலி வந்தாள். விடிவதற்குள் பேருந்து ஏறியிருக்கிறாள். "உனக்கு இவங்க என்ன உறவு?" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டார். "உறவு இன்னாங்க உறவு. ரோட்ல கெடந்துச்சு, தூக்கினேன்." ஓடும் பேருந்திலிருந்து எப்படித் தெளிவாகப் பார்த்தாய் என்றார். "ஓடுற பஸ்ஸு இல்லீங்க. நான் நிறுத்தச் சொன்ன பஸ்ஸு" என்றாள். நீதிபதி தலையைத் தாழ்த்திக்கொண்டார். சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த விசாரணை வரை எட்வின் அவளை நெருங்கக் கூடாது என்று இடைக்கால உத்தரவு வந்திருக்கிறது. முழு உத்தரவு எப்படி வரும் என்பது தெரியாது. அவன் வீடியோ இன்னும் கோப்பில்தான் இருக்கிறது.

வெளியே வந்து பாஞ்சாலிக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன். மச்சானைப் பற்றி அவளுக்குத் தெரியுமா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது; கேட்டுவிட்டேன்.

"தெரியாம இன்னா. பக்கத்து வூடு" என்றாள்.

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்றேன்.

"டீச்சரக்கா என் கையப் புடிச்சிக்கிச்சு, சொல்லாத பாஞ்சாலின்னு. கேட்டுக்கினேன். அதான் இந்தவாட்டி யாரையும் கேக்காம பஸ்ஸ விட்டு எறங்கிட்டேன்." கை கழுவிக்கொண்டு வந்து, "குழாயாண்ட நான் கேட்டது அக்காவுக்கு நோவா இருந்திருக்கும். வாய் வந்துடுச்சு. நீங்க சொல்லிடுங்க" என்றாள். சொல்லிவிட்டேன்.

இதுவரை செய்தி. இனி உனக்கு.

உன் காதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பேனா நின்றுவிடுகிறது. மச்சானின் அடக்க ஆராதனையில் அவரைப் புகழ்ந்து நான் பேசிய பேச்சு நினைவிருக்கிறது. முன்வரிசையில் நீ தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாய். நான் பேசியதில் எவ்வளவு உன் செவியில் விழுந்தது என்று இப்போது கணக்கிட முடியவில்லை.

உன்மேல் எனக்கிருக்கும் கோபம் குறையவில்லை. நீ அடிபட்டவள் என்பது என் மகளை நீ அனுப்பிவைத்ததற்கு நியாயம் ஆகாது. இரண்டும் தனித்தனி. இரண்டையும் நான் தனித்தனியாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். எதையும் எதனோடும் கழிக்க எனக்கு விருப்பம் இல்லை.

இருந்தும், ஜூன் 14 கடிதத்தில் நான் கேட்ட வாக்குமூலத்தை இதன்மூலம் திரும்பப் பெறுகிறேன். என் விருப்பத்தால் அல்ல. உன் ஜூன் 23 கடிதத்தை இத்துடன் வைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வழக்கறிஞரிடம் இருந்த நகலை வாங்கிக் கிழித்துவிட்டேன். உன் அண்ணி அதைப் படிக்கவில்லை.

அதற்குப் பதிலாகக் கெசியா வேறொன்று கேட்கிறாள். இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் அவள் எங்களிடம் கேட்ட முதல் காரியம் அது.

"அத்தையக் கூட்டிட்டு வாங்கப்பா. எங்கூட இருக்கட்டும். அம்மா அவங்க ரூமுக்குப் போகட்டும்."

இதற்கு நான் உடன்படவில்லை என்பதை அவளிடம் சொன்னேன். உன்னிடமும் சொல்கிறேன். உன்னைக் காணும்போது எனக்கு என்ன தோன்றும் என்பதற்கு நான் பொறுப்பேற்க இயலாது. ஒருவேளை ஒன்றும் தோன்றாமல் இருக்கலாம். இப்போதெல்லாம் எனக்கு அப்படித்தான் இருக்கிறது. நான் சாப்பிடும் நேரத்தில் உன்னோடு பேசாமல் இருக்கலாம். அதை நீ பொறுக்க வேண்டியதில்லை. கோபம் வந்தால் சொல்லலாம்.

எவ்வளவு நாள் என்று அவள் சொல்லவில்லை. விடுதிக்கு விடுப்பு எழுதிக் கொடுக்க முடியுமா என்று பார். மாதம்மாளைக் காரணம் காட்ட வேண்டாம். பாஞ்சாலியிடம் கேட்டுவிட்டேன், அவள் கட்டு மாற்றுவதாகச் சொல்லிவிட்டாள். மருந்து எது என்பதை மட்டும் அவளுக்குக் காட்டிக் கொடு. வருவதானால் காரை நானே ஓட்டிக்கொண்டு வருவேன். வழியில் பேச வேண்டிய அவசியம் இல்லை. உனக்குக் கேட்கும் காது என் பக்கம் வருமாறு எந்த இருக்கையில் உட்கார வேண்டும் என்று யோசித்துப் பார்த்தேன், முன் இருக்கையில் அது அமையவில்லை. பின் இருக்கையில் வலப்பக்கமோ இடப்பக்கமோ உன் வசதிப்படி உட்கார்ந்துகொள்.

கெசியா உனக்காகக் காத்திருக்கிறாள். அவளை இன்னொரு முறை யாரும் காக்கவைத்து ஏமாற்றக் கூடாது. அழுகையாக வேண்டாம், தொலைபேசியில் வேண்டாம், வேறு யார் மூலமும் வேண்டாம். வருகிறாயா, இல்லையா என்பதை உன் கைப்பட எழுதி, ஜூலை 15, செவ்வாய்க்கிழமைக்குள் என் கையில் சேரும்படி அனுப்ப வேண்டும்.

ஜெயசீலன்